மாக்சிமிலியனின் மெக்சிகோ அரசு மூன்றே ஆண்டில் ஏன் சரிந்தது?

கோத்தகிரி வாசகர்: சனிக்கிழமை நம்ம வாசகர் வட்டத்தில் இதைப் பேச வேண்டும். எல்லாம் கடனில் தொடங்கியது என்பது சரியா அண்ணா?

குன்னூரிலிருந்து: ஆமாம் தம்பி. 1861 ஜூலையில் மெக்சிகோ அதிபர் ஹுவாரெஸ் வெளிநாட்டுக் கடன் தவணையை 2 ஆண்டு நிறுத்தினார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் படை அனுப்பின. முதல் இரண்டும் 1862இல் விலகின. பிரான்ஸ் மட்டும் தங்கி, ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மெக்சிகோவின் பேரரசராக்கியது. அதற்காக அவர் பிரான்சுடன் செய்த மிராமார் ஒப்பந்தத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பழைய படைச்செலவு 27 கோடி பிராங்க், அதன்பின் சிப்பாய் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 பிராங்க், அத்தனையும் மெக்சிகோ தலையில். அரியணை ஏறுமுன்பே கழுத்தில் கயிறு.

ஊட்டியிலிருந்து: ஹுவாரெஸ் தரப்பு பறித்த திருச்சபை நிலங்களை மாக்சிமிலியன் திருப்பித் தராததால், அவரை அழைத்து வந்த பழமைவாதிகளே கசந்தார்கள். அவரது 1865 அக்டோபர் 3 ஆணையை விட்டுவிடாதீர்கள்: ஆயுதக் குழுவில் பிடிபட்டால் 24 மணி நேரத்தில் மரணம். கொடுமையான ஆணை அது. 1867 மார்ச்சில் கடைசிப் பிரெஞ்சுப் படையும் கப்பலேறியது. ஜூன் 19, கெரெத்தாரோ நகரில் ஹுவாரெஸ் படையினர் மாக்சிமிலியனைச் சுட்டுக் கொன்றார்கள்.