ஐசிடி வைத்தவர்களே, அடிக்காத ஷாக் உங்களுக்கு அடித்திருக்கிறதா?

செங்கல்பட்டுக்காரன்:
எனக்கு நெஞ்சில் ஐசிடி இருக்கிறது; இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி. நள்ளிரவில் நெஞ்சில் மாடு உதைத்ததுபோல் ஓர் அடி. விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினோம். டெக்னீஷியன் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். "ஷாக் எதுவும் போகவில்லை சார். துடிப்பும் சீராகத்தான் இருந்திருக்கிறது." என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப்போல் அவள் பின்னால் நடந்தேன்.

குளித்தலையான்:
அது கனவு. உண்மையான ஷாக்கை வாங்கியவன் குழம்பவே மாட்டான். எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றும்போது விழுந்தது. மயக்கம்கூட வரவில்லை, முழு நினைவோடு வாங்கினேன். குவளை சுவரில் மோதி உருண்டது. இத்தனைக்கும் இதயம் ஒழுங்காகத்தான் துடித்ததாம்! கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரில் விரிசல், அதில் எழுந்த இரைச்சலைக் கருவி தாறுமாறான துடிப்பு என்று எடுத்துக்கொண்டதாம். இன்றும் தாழ்ப்பாள் போடாமல்தான் குளிக்கிறேன். வெளியே கல்லூரியில் படிக்கும் மகன் காவல் நிற்கிறான்.

மலர்_திருச்சி:
குளித்தலை அண்ணா, கனவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். அடிக்காத ஷாக்கை உணர்வது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். என் கணவர் பாய் போட்டுத் தரையில் படுக்கிறார். தூக்கத்தில் தனக்கு அடித்தால், தொட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் அடித்துவிடுமாம். லேசாகச் சுரீரென்று உணரலாம், ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. ஓர் இரவு நானும் கீழே போய்ப் படுத்தேன். அவர் எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டார்.

நல்லதம்பி:
எனக்கு பேஸ்மேக்கர்தான், ஒரு தொந்தரவும் இல்லை. நண்பர்களுக்குச் சில யோசனைகள். செல்போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 60 செ.மீ. விமான நிலையத்தில், கருவி பொருத்தியிருப்பதைச் சொல்லும் அட்டையைக் காட்டுங்கள். சோதனை வாசலில் சாய்ந்து நின்று கதை பேசாதீர்கள். பயம் எதற்கு? 1958இல் சுவீடனில் முதன்முதலாக பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன் 2001இல், 86 வயதில்தான் இறந்தார், அதுவும் புற்றுநோயால். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட மனிதர்! காலையில் வெந்தயத் தண்ணீர் குடியுங்கள், மனம் தெளியும்.

செங்கல்பட்டுக்காரன்:
ஐயா, லார்சனுக்கு வைத்தது பேஸ்மேக்கர். அது இப்படி அடிக்காது. ஐசிடியை மனிதருக்கு முதலில் பொருத்தியதே 1980இல்தான். குளித்தலை நண்பரே, இல்லாத துடிப்பை உங்கள் கருவி இருப்பதாக நம்பினால் அது ஒயர் பழுது, நான் நம்பினால் கனவா? இதற்காக மனநல மருத்துவரிடம் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வெந்தயம் வேண்டாம்.