தெங்கு: பிள்ளை பிடிக்கும் பேயா, மலையின் காவலா?

மலையரசன்:
ஜப்பானிய மலைகள்ல வாழுற தெங்குவைக் (நம்ம தென்னை இல்லீங்க) காவல் தெய்வம்னு கார்குழலி எழுதியிருக்காங்க. ஒத்துக்க முடியல. 12-ஆம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பான கொன்ஜாகுல வருது: கியோத்தோவில் காய்க்காத ஒரு மரத்து உச்சியில புத்தர் தோன்றி ஒளி வீசுறார். ஊரே கும்பிடுது. ஒரு அமைச்சர் மட்டும் கண் கொட்டாம பார்த்துக்கிட்டே நிக்கிறார். கடைசியில இறக்கை ஒடிஞ்ச பருந்து ஒண்ணு பொத்துனு விழுது. அதுதான் தெங்கு. ஏமாத்துப் பிசாசு.

கார்குழலி:
அது பௌத்த மடத்துப் பக்கம் நின்று சொன்ன கதை. மடத்துக்கு அடங்காத மலை அவர்கள் கண்ணுக்குப் பிசாசாகத்தான் தெரியும். தெங்குவின் உடையைப் பாருங்கள்: நெற்றியில் சின்னக் கறுப்புத் தொப்பி, காலில் கட்டை மிதியடி. மலையில் தவம் கிடக்கும் யாமாபுஷிகளின் கோலம் அது. பின்னாளில் பெரும் போர்வீரனான யோஷித்சுனேவுக்குச் சிறுவயதில் குராமா மலையில் வாள்வித்தை சொல்லிக்கொடுத்ததே தெங்குத் தலைவன் சோஜோபோ என்பார்கள்.

மலையரசன்:
காணாமப் போன பிள்ளைகளை என்ன சொல்றீங்க? ‘காமிகாகுஷி’, சாமி ஒளிச்சு வச்சுட்டுதுன்னு பேரு. தெங்கு மேலதான் பழி விழும். சேகண்டியும் மேளமும் அடிச்சுக்கிட்டு, “திருப்பிக் குடு, திருப்பிக் குடு”ன்னு ஊரே காட்டுக்குள்ள கத்திக்கிட்டுப் போகும். அந்தத் தாய்க்கு அது காவலா?

அருவி:
நடுவில் ஒரு வார்த்தை. நீங்கள் இருவரும் ஒரே தெங்குவைப் பேசவில்லை. 720-இல் முடிந்த ஜப்பானிய வரலாற்று நூலான நிஹோன் ஷோக்கியில், 637-இல் இடி முழக்கத்தோடு வானில் ஓடிய ஒளிதான் தெங்கு. ‘வான நாய்’ என்று பொருள். படங்களில் தெங்குவுக்கு இருக்கும் நீண்ட மூக்கெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது. மரம் வெட்டுகிறவர்களின் தெங்குவோ வெறும் சத்தம்: ராத்திரி கோடரி விழும், மரம் முறிந்து சாயும், விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு கிளைகூட ஒடிந்திருக்காது.

கார்குழலி:
அந்தச் சத்தத்தைத்தான் நான் காவல் என்கிறேன். மலைக்கு ஆள் இருக்கிறது என்ற எச்சரிக்கை. பிள்ளைகள் விஷயத்திலும், தெங்குவோடு போய்த் திரும்பியதாகச் சொன்ன சிறுவன் தொராகிச்சி இருக்கிறானே. மருந்து விற்ற கிழவர் ஒருவர் சின்னக் குடுவைக்குள் நுழைந்து வானத்தில் பறந்ததையும், அவரோடு மலைக்குப் போய் வித்தை கற்றதையும் எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) சொன்னான். அறிஞர் ஹிராதா அத்சுதானே அவனை வீட்டில் வைத்துக் கேட்டு 1822-இல் நூலாகவே எழுதினார்.

மலையரசன்:
தொராகிச்சி திரும்பி வந்தான், அதனால கேட்டு எழுத முடிஞ்சுது. நான் சொல்றது திரும்பி வராத பிள்ளைங்களை. அவங்க ஊர்ல அன்னைக்கு ராத்திரி சேகண்டி அடிச்சவங்ககிட்ட இதைக் காவல்னு சொல்ல எனக்கு வாய் வராது.