எம்ஜிபி: டயர் மாற்றியபின் ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டுகிறது

டர்பன்காரன்:
வண்டி எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்மித்ஸ் கம்பெனி ஸ்பீடோமீட்டர், டயலில் 1280 என்று இருக்கிறது. 165/80ஆர்14 டயரைக் கழற்றி 185/60ஆர்14 போட்டாச்சு. என்2 நெடுஞ்சாலையில் ஜிபிஎஸ் 100 கிலோமீட்டர் காட்டும்போது முள் 107-க்கு இணையான மைலில் நிற்கிறது. முள்ளைத் திருப்பி வைத்தால் போதுமா?

சாட்ஸ்வர்த் ஸ்பேனர்:
முள்ளைத் தொடாதீங்க தம்பி. பழைய டயர் விட்டம் சுமார் 620 மி.மீ., புதுசு 578. வித்தியாசம் 7 சதவீதம், கணக்கு அப்படியே பொருந்துது. முள்ளை நகர்த்தினால் ஒரே வேகத்தில்தான் சரியாகும். ஓடோமீட்டர் (ஓடிய தூரம் காட்டுவது) பிழை அப்படியே இருக்கும்.

1280 என்பது கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் ஒரு மைலுக்குச் சுற்றும் எண்ணிக்கை. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியில் டேப் துண்டு ஒட்டுங்க. டயர்க் காற்றைச் சரிபார்த்து, வண்டியை நேராக 20 மீட்டர் தள்ளி, சுற்றுகளைக் கால் சுற்று வரை எண்ணுங்க. 17 வந்தால் கிலோமீட்டருக்கு 17×50=850, அதை 1.609-ஆல் பெருக்கினால் மைலுக்கு 1368. 1280/1368 = 0.936. இந்த விகிதத்தில் கேபிள் நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி போடலாம், இல்லையென்றால் மீட்டரையே 1368-க்கு மாற்றி அமைக்கக் கொடுக்கலாம். டிஃபரன்ஷியல் (பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதி) மாற்றினாலும் இதே சோதனைதான்.

மலைச்சாரல்:
ஓடோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் காந்தமோ சுருள்வில்லோ பழுது. பல்சக்கரப் பெட்டி உதவாது. முள் ஆடினால் கேபிள் வளைவைப் பாருங்க அண்ணே. கிரீஸ் கீழ்ப்பகுதிக்கு மட்டும், அதுவும் கொஞ்சமா. மேல் 20 செ.மீ.க்குத் தடவினால் மீட்டருக்குள் ஏறி முள்ளை இழுத்துக்கொண்டு போகும்.