ஸ்மெல்ஸ் ஸ்வீட்டா, ஸ்வீட்லியா?

பாலக்கோடு பையன்:
ஓசூர் கம்பெனி இன்டர்வியூவுக்காக இங்கிலீஷ் படிக்கிறேன். வினைச்சொல்லோடு வருவது அட்வெர்ப், அதற்கு ‘லி’ சேர்க்கணும் என்றுதான் பள்ளியில் சொன்னார்கள். இப்போது பார்த்தால் ‘தி மேங்கோ ஸ்மெல்ஸ் ஸ்வீட்’தான் சரியாம், ‘ஸ்வீட்லி’ தப்பாம். ஏங்க இப்படி?

போச்சம்பள்ளி அக்கா:
தம்பி, மாம்பழமா மோந்து பார்க்குது? அதன் தன்மையைத்தானே சொல்கிறோம், அதனால் அட்ஜெக்டிவ். டேஸ்ட், லுக், ஃபீல், சவுண்ட், சீம், பிகம் எல்லாம் இதே ஜாதிதான். சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள், ‘தி மேங்கோ இஸ் ஸ்வீட்’ பொருந்துகிறது இல்லையா, அப்போ ‘லி’ வேண்டாம். ஆனால் சந்தூர் தோட்டத்தில் வியாபாரி ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்புப் பக்கம் மோந்து பார்க்கிறார் என்றால் அது அவர் செய்கிற வேலை, அங்கே ‘ஹி ஸ்மெல்ஸ் தி மேங்கோ கேர்ஃபுலி’ என்றுதான் வரும்.

லாரி மாமா:
எல்லா அட்வெர்ப்புக்கும் ‘லி’ கிடையாது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ‘கோ ஸ்லோ’ என்பது சரியான இங்கிலீஷ்தான், ஃபாஸ்ட், ஹார்ட், லேட் எல்லாம் அப்படியே வரும். இன்டர்வியூவில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்று மட்டும் சொல்லிடாதப்பா, வேலையே செய்யமாட்டேன் என்று அர்த்தமாகிவிடும்.

பாலக்கோடு பையன்:
சரிங்க மாமா. அப்போ ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’?

போச்சம்பள்ளி அக்கா:
‘வெல்’ கடைசியில் வரணும். ‘ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’, இல்லாவிட்டால் ‘ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்’. வினையையும் அதன் செயப்படுபொருளையும் பிரிக்காதீர்கள்.