டான் ஆஃப் தி டெட்: பழைய படமா, ரீமேக்கா? இரண்டும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சனிக்கிழமை இரவு நண்பர்களுக்கு 'டான் ஆஃப் தி டெட்' என்ற ஜோம்பி (நடமாடும் பிணங்கள்) திகில் படத்தைப் போடுவதாக முடிவாகிவிட்டது, ஆனால் ஜார்ஜ் ரொமேரோவின் 1978 படமா, சாக் ஸ்னைடரின் 2004 ரீமேக்கா என்பதில்தான் இழுபறி.

என் ஓட்டு பழைய படத்துக்கு. நீலம் பாய்ந்த முகத்தோடு ஜோம்பிகள் மாலின் எஸ்கலேட்டரில் தடுமாற, பின்னால் கடைகளில் போடும் குஷியான இசை ஓடிக்கொண்டிருக்கும். பயத்தைவிட நக்கல்தான் அதிகம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் எங்கள் கூட்டம் போனை எடுத்துவிடும்.

ரீமேக்கில் ஜோம்பிகள் ஓடியே வருகின்றன. விடியற்காலையில் படுக்கையறை வாசலில் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நிற்பது, நாயகி சாரா பாலி குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பிப்பது, அந்த ஆரம்பத்தைக் குறை சொல்லவே முடியாது. அப்புறம் மாலுக்குள் ஆட்கள் கூடிப்போய், யார் செத்தார்கள் என்றுகூட மனதில் நிற்பதில்லை.

ரீமேக்கை முதலில் பார்த்துவிட்டுப் பழைய படத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மெதுவாக நடக்கும் ஜோம்பியைப் பார்த்துச் சிரிப்பு வந்ததா? பழைய படத்தை இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ வெட்டித் தொகுத்த, கொஞ்சம் நீளம் குறைந்த பதிப்பு முதல்முறை பார்ப்பவர்களுக்குப் போதுமா? ரத்தம் பார்த்தால் மயங்கும் ஆசாமி ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். கிளைமாக்ஸை மட்டும் போட்டு உடைத்துவிடாதீர்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள்.