குருதிச் சுற்றோட்ட மாதிரிக்கு உதவி தேவை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க விஞ்ஞான ஆசிரியர்களே, படகு எஞ்சின் திருத்துபவர்களே, தரம் 11 பிள்ளைகளுக்காகத் தண்ணீர் ஓடும் சுற்றோட்ட மாதிரி ஒன்று செய்கிறோம். படகு எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்றும் ரப்பர் குமிழ் இரண்டு வேண்டும், இதயத்தின் வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. இரு முனையிலும் ஒருவழி வால்வு இருப்பதால் இதயத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். இடப்பக்கம் குறைவாகத் தள்ளினால் நீர் சுவாசப்பைப் பக்கம் தேங்கும், உடம்பிலும் அப்படித்தான்.

சிக்கல் மயிர்க்குழாயில், அதாவது உடம்பின் மிக நுண்ணிய குருதிக் குழாயில். பெருநாடிக்கு 8 மில்லிமீட்டர் குழாய். மயிர்க்குழாய்க்காக அதில் 3 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை மட்டும் பொருத்தினால் நீர் வேகமாகப் பாயும், பிள்ளைகள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். உண்மையில் கோடிக்கணக்கான மயிர்க்குழாய்களின் மொத்தக் குறுக்குவெட்டு பெரிது. அதனால் குருதி செக்கனுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மந்தமாகி, செங்குழியம் ஒட்சிசனை விட நேரம் கிடைக்கிறது. மாதிரியில் 3 மில்லிமீட்டர் குழாய் எட்டுப் போட்டாலும் பெருநாடிக் குழாயைவிட வேகம் அவ்வளவாகக் குறையாது. பதினாறு போட்டால் பாதிக்கும் கீழே வரும்.

ஒரு குழாயை ஒழுக்கில்லாமல் பதினாறாகப் பிரிப்பது எப்படி? எந்தப் பசை ஈரத்தில் நிற்கும்? பாவித்த சேலைன் குழாய் தரவேண்டாம், தொற்று அபாயம். நீல நிறமும் வேண்டாம்: ஒட்சிசன் குறைந்த குருதி கருஞ்சிவப்பு.