பெருங்குடலைத் தாங்கும் சவ்வும் அதன் நோய்களும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர்:

என் தகப்பனாருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. நெடுநாளாக மலச்சிக்கல் உள்ளவர். பக்கவாதம் வந்த பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கிறார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயத்தில் அவருக்கு மலமும் காற்றும் ஒருசேர நின்றுபோயின. மறுநாள் வயிறு உப்பி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. இடப்பக்கம் விரலால் தட்டினால் வெற்றொலி கேட்டது. வாந்தி இல்லாததால், பார்க்க வந்த உறவினர்கள் இது வெறும் வாயுதான் என்று சொல்லி, விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். பெருங்குடலின் கடைப்பகுதியில் அடைப்பு விழுந்தால் வாந்தி தாமதமாகத்தான் வரும் என்பதும், அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து என்பதும் நம் பக்கத்தில் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயில் இடுப்புக் குழியிலிருந்து கிளம்பிய ஒரு பெரிய வளைவு விலா எலும்புவரை ஏறி நின்றது. நடுவில் கோடு விழுந்த அந்த உருவத்தைக் காப்பிக்கொட்டை அடையாளம் என்கிறார்கள். மலக்குடலுக்குச் சற்று மேலே இருக்கும் சிக்மாய்டு என்னும் பெருங்குடல் பகுதி, தன்னைத் தாங்கும் சவ்வோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சவ்வை மருத்துவர்கள் மீசோகோலன் என்கிறார்கள். அது நீண்டும், அதன் அடிப்பகுதி குறுகியும் இருப்பவர்களுக்குக் குடல் எளிதில் முறுக்கிக்கொள்ளுமாம்.

அறுவை மருத்துவரும் டெல்டாக்காரர்தான். எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயலுக்குத் தண்ணீர் போவதைப் போலக் குடலுக்கு ரத்தம் போவதும், வடிகால் வழியே தண்ணீர் வெளியேறுவதைப் போல அது திரும்புவதும் அந்தச் சவ்வுக்குள்தான் நடக்கின்றன. முறுக்கு விழுந்ததும் முதலில் அடைபடுவது வடிகால்தான். ஏனென்றால் சிரைகளின் சுவர் மெல்லியது. உள்ளே வரும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கிக் குடல் வீங்குகிறது. முறுக்கு மேலும் இறுகினால் தமனியும் அடைபட்டு, குடல் கறுத்து அழுகத் தொடங்கும்.

நல்லவேளையாகத் தகப்பனாருக்குக் குடல் கறுக்கவில்லை. ஆசனவாய் வழியாக விளக்குக் குழாயைச் செலுத்தி முறுக்கை எடுத்தார்கள். காற்றும் நீர்த்த மலமும் பீறிட்டு வெளியேற, எங்கள் கண்ணெதிரே வயிறு தணிந்தது. அத்துடன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் நாங்கள் எண்ணினோம். ஆனால், இப்படி எடுத்துவிட்ட முறுக்கு பலருக்கு மறுபடியும் விழுந்துவிடும் என்று சொல்லி, அதே சேர்க்கையிலேயே அந்தக் குடல் பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார்கள். சவ்வின் அடியில் பழைய தழும்பு இருந்ததாக டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். முன்பு சில முறை வயிறு உப்பித் தானே வடிந்ததை அம்மா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அவையெல்லாம் இதே முறுக்கு விழுந்து தானாக விடுபட்ட நாட்களாக இருந்திருக்கலாம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாயார்:

எங்கள் பையனுக்கு வந்தது இவ்வளவு கடுமையானதல்ல. சளிக்காய்ச்சல் விட்ட கையோடு அடிவயிற்றின் வலப்பக்கம் வலி எடுத்ததால், குடல்வால் அழற்சியோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தோம். குடல்வால் நன்றாகவே இருந்தது. சிறுகுடலைத் தாங்கும் சவ்வில் நெறி கட்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் கிருமித் தொற்றை ஒட்டி இப்படி வருவது சகஜம் என்று சொல்லி, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார் மருத்துவர்; தானாகவே சரியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கோ அதே இடத்தில் கட்டிய நெறி கரையாமல், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்துகொள்ள, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானாள். ஆகவே ஸ்கேனில் நெறி என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து, பயப்படவும் கூடாது, அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது.

தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்:

முதல் பதிவைப் படித்ததும், சிக்மாய்டு ஏன் எளிதில் முறுக்கிக்கொள்கிறது என்பதைச் சொல்லத் தோன்றியது. வலப்பக்கம் ஏறும் குடலும் இடப்பக்கம் இறங்கும் குடலும் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கின்றன. குறுக்கே செல்லும் பகுதியும் சிக்மாய்டும் தாங்கு சவ்வில் தொங்கி அசைகின்றன. குறுக்குக்குடலின் சவ்வு கணையத்தின் முன்பக்கத்தில் பற்றியிருப்பதால், கணைய அழற்சி சில சமயம் அதன் வழியே குடல்வரை பரவுகிறது. சிக்மாய்டின் சவ்வு, கவிழ்த்த ‘வி’ வடிவில் பின்சுவரில் பற்றியிருக்கிறது. உடல் அறுப்பு வகுப்பில் அந்தக் குடல் வளைவைத் தூக்கிப் பிடித்தால், ‘வி’யின் உச்சிக்கு அடியில் விரல்நுனி நுழையும் அளவுக்கு ஒரு சிறு குழி தென்படும், அதற்குப் பின்னால் இடப்பக்கச் சிறுநீர்க்குழாய் இறங்குகிறது. நல்ல அறுவை மருத்துவர் அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே சவ்வை வெட்டுவார்.

ஒட்டிக் கிடக்கும் பகுதிகளுக்குச் சவ்வே கிடையாது என்றுதான் நாங்கள் நெடுங்காலம் கற்பித்தோம். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் சொன்னது பாடநூல்களில் அப்படியே நிலைத்துவிட்டது. சவ்வு மறைவதில்லை, பின்சுவரோடு ஒட்டி அங்கேயே இருக்கிறது என்று ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் டோல்ட் 1879ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அயர்லாந்தின் கால்வின் காஃபி குழுவினர், சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் இருப்பது தொடர்ச்சியான ஒரே சவ்வு என்று காட்டி, அதைத் தனி உறுப்பாகவே கருதவேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் வாதிட்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது.

இது ஏட்டுச் சண்டை அன்று. பெருங்குடல் புற்றுநோய் நிணநீர்க் கணுக்கள் வழியே பரவுகிறது. அந்தக் கணுக்கள் இருப்பது இந்தச் சவ்வில். ஒட்டிய இடத்தில் சவ்வுக்கும் பின்சுவருக்கும் நடுவே டோல்ட் கண்ட மெல்லிய அடுக்கைப் பிடித்துப் பிரித்தால் ரத்தம் அதிகம் சிந்தாது. சவ்வும் கிழியாமல் முழுதாக வரும். அப்படி முழுதாக எடுக்கும் முறையை ஜெர்மனியின் வெர்னர் ஹோஹென்பெர்கர் 2009ஆம் ஆண்டில் விவரித்தார். ஆகவே வீட்டில் யாருக்காவது புற்றுநோய்க்காகக் குடல் அறுவை நடந்திருந்தால், நோய்க்கூறியல் அறிக்கையில் எத்தனை கணுக்களைப் பரிசோதித்தார்கள் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்கவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதற்குக் குறைவாக இருந்தால், அடுத்த சிகிச்சையைப் பேசும்போது மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.